கோடை விடுமுறை வாசிப்பு: ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

முழு ஆண்டுத் தேர்வின் கடைசி நாளில் பிள்ளை கொண்டுவரும் பையில் சில வேளை ஒரு தாள் இருக்கும். சில வேளை ஒன்றும் இருக்காது. மெட்ரிக் பள்ளியாகவோ சிபிஎஸ்இ பள்ளியாகவோ இருந்தால், விடுமுறை முடிவதற்குள் இத்தனை புத்தகங்களைப் படித்து ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதிவர வேண்டும் என்று பெரும்பாலும் அச்சிட்டே கொடுத்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளியிலும் மாநகராட்சிப் பள்ளியிலும், லீவில் கதைப் புத்தகம் படியுங்கள் என்று வகுப்பாசிரியர் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவதோடு பல வேளை முடிந்துவிடுகிறது. தொடக்க வகுப்புவரை இப்படியொரு வேலையைக் கண்டிராத பெற்றோருக்கு, பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும் ஆண்டில் பல ஐயங்கள் எழுகின்றன. புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா, இதற்கு மதிப்பெண் உண்டா, தமிழில் படித்தால் போதுமா, நமக்கே படிக்கத் தெரியாதபோது நாம் என்ன செய்வது என்பனவற்றை யாரிடம் கேட்பது என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை.

தண்டையார்ப்பேட்டைப் பக்கத்தில் ஒரு மாலைநேரப் படிப்பு மையத்தில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளோடு பல கோடைகளைக் கழித்தவன் என்ற முறையில், அந்த ஐயங்களுக்கு வரிசையாக விடை சொல்ல முயல்கிறேன். பள்ளி எத்தனை புத்தகம் என்று எழுதியிருந்தாலும், ஆசிரியர் உண்மையில் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: ஏப்ரலில் ஓரளவு சரளமாகப் படித்த பிள்ளை ஜூனில் வகுப்புக்குத் திரும்பும்போது திக்கித் திணறக் கூடாது. எண்ணிக்கையும் பட்டியலும் நோட்டுப் புத்தகமும் இதற்கான கருவிகள் மட்டுமே. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகளை எடுப்பது எளிது.

பள்ளி மூடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

தேர்வு முடியும் வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்குச் சென்று வகுப்பாசிரியரைப் பாருங்கள். எந்த மொழியில் எத்தனை புத்தகம் படிக்க வேண்டும், பட்டியலில் உள்ளவற்றைத்தான் படிக்க வேண்டுமா அல்லது பிள்ளை விரும்பியதைப் படிக்கலாமா, படித்ததை எழுதிக் காட்ட வேண்டுமா வாயால் சொன்னால் போதுமா, எந்த நாளில் ஒப்படைக்க வேண்டும் என்பவற்றைக் கேட்டு அங்கேயே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு, பள்ளி நூலகத்திலிருந்து விடுமுறைக்குச் சில புத்தகங்களை எடுத்துச்செல்ல அனுமதி உண்டா என்றும் தயங்காமல் கேளுங்கள். தொலைந்துவிடுமோ என்ற அச்சத்தில் பல பள்ளிகளில் புத்தகங்கள் அலமாரிக்குள்ளேயே கோடையைக் கழிக்கின்றன. பெற்றோர் நேரில் வந்து, பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறேன் என்று சொல்லும்போது ஆசிரியர்கள் மனமிரங்கித் தருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பட்டியலில் உள்ள ஒரு புத்தகம் கிடைக்காவிட்டால் அதற்கு ஈடாக வேறொன்றைப் படிக்கலாமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுவது நல்லது. மே மாத நடுவில் ஒரு புத்தகத்தைத் தேடிக் கடை கடையாக அலைந்து, கிடைக்காமல், அதையே காரணமாக்கி வாசிப்பு முழுவதையும் கைவிட்ட குடும்பங்களை நான் அறிவேன்.

நேரமும் இடமும்

விடுமுறை ஏறக்குறைய 40 நாள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 20 நிமிடம் படித்தால் மொத்தம் 800 நிமிடம் ஆகிறது. நிமிடத்துக்கு 60 சொற்களை மட்டுமே படிக்கக்கூடிய, வகுப்பில் மெதுவாகப் படிக்கும் பிள்ளையென்று கருதப்படும் ஒருவர்கூட, இந்தக் கணக்கில் 48,000 சொற்களைப் படித்து முடித்திருப்பார். சிறுவர்களுக்கான மெல்லிய புத்தகங்களில் இது பத்துக்கு மேல் வரும். ஆகவே ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காரவைத்துப் பிறகு ஒரு வாரம் மறந்துவிடுவதைவிட, நாள் தவறாத 20 நிமிடமே பயன் தரும். தொடக்கத்தில் அதுவும் கடினமாக இருந்தால் பத்து நிமிடத்தில் தொடங்கலாம்.

எந்த நேரம் என்பதை வடசென்னையின் வீடுகளை நினைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தகரக் கூரை வீட்டிலும் வாரியக் குடியிருப்பின் மேல்மாடியிலும் அக்கினி நட்சத்திர நாள்களில் நண்பகலில் உட்கார்ந்து படிப்பது பெரியவர்களுக்கே இயலாத காரியம். காலையில் தண்ணீர் பிடித்து முடிந்த பின், வெயில் ஏறுவதற்கு முன் ஒரு நேரம் கிடைக்கும்; மாலையில் கடற்காற்று இறங்கிய பிறகு மொட்டைமாடியிலோ வாசற்படியிலோ இன்னொரு நேரம் கிடைக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, தினமும் அதே நேரத்தில், அதே இடத்தில் உட்காரச் செய்யுங்கள். ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் தனி மேசையும் நாற்காலியும் தேவையென்று எண்ணிக் கவலைப்பட வேண்டாம். அந்த 20 நிமிடம் தொலைக்காட்சியை நிறுத்திவைப்பதே பெரிய உதவி.

காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பம், எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குடும்பங்களுக்கு ஒரு சொல். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கிறது. பிள்ளைகளின் விடுமுறையும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. வருமானம் நின்றுபோகும் அந்தக் காலத்தில் புத்தகத்துக்குச் செலவழிக்கச் சொல்வது நியாயமில்லை. நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஆண்டு முழுவதும் கடலில் இருக்கும் தந்தை வலை பின்னிக்கொண்டும் படகைச் செப்பனிட்டுக்கொண்டும் கரையில் இருப்பது அந்த இரண்டு மாதம்தான். வலை பின்னும் கை நிற்காமல், காது மட்டும் பிள்ளையின் வாசிப்புக்குக் கிடைத்தால் அதுவே போதும். எங்கள் மையத்துக்கு வந்த ஒரு பெண், ஏழாம் வகுப்பு விடுமுறையில் கடல் உயிரினங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைத் தந்தைக்குப் படித்துக் காட்டி, அதில் இருந்த மீன்களுக்கெல்லாம் காசிமேட்டில் வழங்கும் பெயர்களை அவரிடம் கேட்டு எழுதிவந்தார். அந்த நோட்டுப் புத்தகத்தைவிட நல்ல மதிப்புரையை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பிள்ளையின் நிலையை அறிவது

இந்தப் படியைப் பெரும்பாலோர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். பின்னர் வரும் இடர்கள் பலவும் இங்கிருந்தே தொடங்குகின்றன. பிள்ளை எட்டாம் வகுப்பு என்பதால் எட்டாம் வகுப்புக்குரிய புத்தகத்தைப் படிக்க முடியும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. எழுத்தறிமுகம் பெற வேண்டிய வயதில் வகுப்பறையையே காணாத பிள்ளைகள்தாம் இன்று நடுநிலை வகுப்புகளுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள் என்றால் அது அவர்கள் குற்றமும் அன்று, உங்கள் குற்றமும் அன்று.

எளிய சோதனை ஒன்று உண்டு. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் தெரியாத அல்லது படிக்க இயலாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். அந்தப் பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் புத்தகம் இப்போதைக்குக் கடினம். ஒரு விரலும் மடங்காவிட்டால் மிக எளிது. இரண்டு, மூன்று விரல் மடங்கினால் அதுவே இந்தக் கோடைக்கு ஏற்றது. மிக எளிதான புத்தகத்தையும் ஒதுக்க வேண்டியதில்லை, முதல் வாரத்தில் ஓர் ஊக்கத்துக்கு அது உதவும்.

தமிழில் படிக்கும் பிள்ளைகள் திணறும் இடங்கள் எவையென்று பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. நம் மொழியில் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்டுவிடுகின்றன. ‘சென்றுகொண்டிருந்தபோதெல்லாம்’ என்று ஒரே சொல்லாக அச்சிட்டிருப்பதைக் கண்டதும் பிள்ளை நின்றுவிடும். விரலால் மறைத்து மறைத்து, சென்று, கொண்டு, இருந்த, போது, எல்லாம் என்று துண்டாக்கிப் படிக்கப் பழக்கினால் அச்சம் விலகும். நூலகப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுப் பிரிக்காமல் விரலையே பயன்படுத்துங்கள்.

இன்னொரு தடை நம் பகுதிக்கே உரியது. ‘இட்டுனு போனான்’ என்று வீட்டில் பேசும் பிள்ளை புத்தகத்தில் ‘அழைத்துக்கொண்டு சென்றான்’ என்று பார்க்கிறது. ‘போகச்சொல்ல’ என்று பேசும் பிள்ளை ‘போகும்போது’ என்று படிக்க வேண்டியிருக்கிறது. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே தமிழர் எல்லோருக்கும் தொலைவு உண்டு. வடசென்னைப் பிள்ளைக்கு அது சற்று அதிகம், அவ்வளவே. பேச்சு வழக்கைக் கேலி செய்தோ திருத்தியோ இந்தத் தொலைவைக் குறைக்க முடியாது. ‘இட்டுனு’ என்பது ‘இட்டுக்கொண்டு’ என்பதன் தேய்ந்த வடிவம் என்று சொல்லிக்கொடுத்தால், தன் தெருவின் மொழியும் புத்தகத்தின் மொழியும் உறவுடையவை என்று பிள்ளைக்குப் புரிகிறது. அதன்பின் அது புத்தகத்தைப் பார்த்து ஒதுங்குவதில்லை.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்

முதலில் போக வேண்டிய இடம் உங்கள் பகுதியின் கிளை நூலகம். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் நாட்டில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே. அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன். அச்சட்டத்தின் வழியில்தான் இன்றும் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. நீங்கள் கொடுக்கும் வீட்டு வாடகையில் அந்த வரியின் ஒரு பங்கு இருக்கிறது. ஆகவே, கசங்கிய சட்டையோடு உள்ளே போகலாமா, பிள்ளை சத்தம் போட்டால் விரட்டிவிடுவார்களா என்று தயங்கி நிற்கும் பெற்றோரிடம் நான் சொல்வது, அது நம் பணத்தில் நடக்கும் நம் இடம் என்பதே.

உறுப்பினர் ஆவதற்கு விண்ணப்பப் படிவம் நூலகத்திலேயே கிடைக்கும். முகவரிச் சான்றாக ஆதார் அட்டை அல்லது குடும்ப அட்டையின் நகலை எடுத்துச்செல்லுங்கள். சிறு காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்ட வேண்டியிருக்கும். பிள்ளையை உடன் அழைத்துச்சென்று, உறுப்பினர் அட்டையை அதன் கையிலேயே கொடுக்கச் செய்யுங்கள். ஒரே தடவையில் எத்தனை புத்தகம் எடுக்கலாம், எத்தனை நாளில் திருப்ப வேண்டும், தாமதமானால் தண்டத்தொகை எவ்வளவு, தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் ஆகியவற்றை நூலகரிடம் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். வேலை நேரமும் வார விடுமுறையும் நூலகத்துக்கு நூலகம் மாறுவதால், வாசற்பலகையைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் வெயிலில் வீணாக நடக்க நேராது.

கிளை நூலகத்தில் சிறுவர் நூல்கள் ஓர் அலமாரி அளவே இருக்கலாம். விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்கிப் பெரிய நூலகம் ஒன்றைக் காட்டிவிட்டு வாருங்கள். 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம் எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்திலேயே இருக்கிறது. விம்கோ நகர் வரையிலான மெட்ரோ 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியபின் நமக்கு இது எளிதாகிவிட்டது; திருவொற்றியூரிலோ தண்டையார்ப்பேட்டையிலோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கலாம். கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே பெரிய பகுதி உண்டு. நம் பக்கத்திலிருந்து தொலைவு என்றாலும், இவ்வளவு புத்தகங்களையும் நாம் எடுத்துப் புரட்டலாமா என்று ஒரு பிள்ளை வியந்து நிற்பதைப் பார்ப்பதற்காகவே ஒரு முறை போய்வரலாம்.

பள்ளிக் கல்வித் துறை வெளியிட்ட வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டவை. அரசுப் பள்ளிப் பிள்ளையாயின் இவற்றைப் பள்ளியிலேயே கேட்டுப் பாருங்கள். திணறும் பிள்ளைக்கு ‘நுழை’யில் தொடங்கினால் இழிவொன்றும் இல்லை. 6 முதல் 9 வரையான வகுப்புகளுக்காக அத்துறை நடத்தும் ‘தேன்சிட்டு’ இதழின் பழைய பிரதிகளும் பள்ளியில் இருக்கும். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள், நிலைவாரியாக, படங்களோடு, கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தெலுங்கு, இந்தி, உருது, ஒடியா ஆகிய மொழிகளிலும் உண்டு. கைப்பேசியில் படிக்கக் கொடுத்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நலம், ஏனெனில் கதை முடியும் முன் வேறொரு காணொளி அழைத்துவிடும்.

பழைய பேப்பர் கடைகளை மறந்துவிடாதீர்கள். எடைக்கு வந்து விழும் சிறுவர் இதழ்களையும் கதைப் புத்தகங்களையும் கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார். எங்கள் மையத்தின் முதல் அலமாரி அப்படித்தான் நிறைந்தது.

எதைப் படிப்பது, யார் தேர்ந்தெடுப்பது

பட்டியலில் உள்ள புத்தகங்களைப் படித்தே ஆக வேண்டும் என்று பள்ளி சொன்னால் அதை மறுக்க வேண்டாம். ஆனால் பட்டியலுக்கு வெளியே பிள்ளை தானே தேர்ந்தெடுத்த புத்தகங்களும் இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. ஏழைக் குடும்பத்துத் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு, தொடர்ந்து மூன்று ஆண்டு, கோடை விடுமுறைக்கு முன் 12 புத்தகங்களை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளக் கொடுத்தார்கள். புத்தகம் பெறாத பிள்ளைகளைவிட அவர்கள் வாசிப்பில் முன்னேறியிருந்தார்கள். மிகவும் வறிய பிள்ளைகளே கூடுதல் பயன் அடைந்தார்கள். அதற்கும் முன்பே, 1978இல் வெளிவந்த தம் நூலில் பார்பரா ஹெயின்ஸ், அட்லாண்டா நகரின் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்து, கோடையில் அவர்கள் படித்த புத்தகங்களும் பொது நூலகத்தைப் பயன்படுத்திய பழக்கமும் கல்வி வளர்ச்சிக்குத் துணையாவதைக் காட்டியிருந்தார். அந்த ஊர் வேறு, மொழி வேறு என்றாலும், வீட்டுக்குப் பக்கத்தில் புத்தகம் கிடைத்தால் பிள்ளை படிக்கும் என்பதும், தனக்குப் பிடித்ததாக இருந்தால் விடாமல் படிக்கும் என்பதும் தண்டையார்ப்பேட்டையில் நான் கண்டதோடு ஒத்துப்போகின்றன.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். மையத்தில் சேர்ந்த முதல் இரண்டு கோடைகளில், நல்ல இலக்கியம் என்று நான் கருதியவற்றை மட்டும் பொறுக்கி, தலைக்குப் பத்துப் புத்தகம் என்று கட்டாயமாக்கி, ஒவ்வொன்றுக்கும் மதிப்புரையும் கேட்டேன். இரண்டாம் கோடையின் நடுவில் பிள்ளைகள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துவந்தவை, வியாசர்பாடியில் வளர்ந்த ஒரு சிறுவன் கேட்ட கால்பந்துப் புத்தகமும், மூலைக்கொத்தளத்துச் சிறுமி கேட்ட பேய்க்கதைகளும்தான்.

ஆகவே, கேரம் ஆடும் பிள்ளை விளையாட்டைப் பற்றிப் படிக்கட்டும். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் உறவினர் இருந்தால், ரயில் எஞ்சினைப் பற்றிய புத்தகத்தைப் பிள்ளை தானே எடுக்கும். படக்கதைகளைத் தள்ளிவிடாதீர்கள், திணறும் பிள்ளைக்குப் படமே கைத்தாங்கல். வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ பேசும் குடும்பமாயின் அம்மொழிப் புத்தகங்களும் வாசிப்பே. ஒரு மொழியில் கதையைப் பின்தொடரப் பழகிய மனம் மற்றொரு மொழியிலும் அதைச் செய்யும். ஆங்கிலப் புத்தகம் கட்டாயம் என்று பள்ளி எழுதியிருந்தால், விரல் சோதனையை அதற்கும் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இரண்டு வகுப்புக் கீழே உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தடிமனான ஆங்கில நாவலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரியும் புரியாமல் கண்ணை ஓட்டும் பிள்ளைக்கு அதனால் ஆங்கிலம் வருவதில்லை, வாசிப்பின் மீது வெறுப்புத்தான் வருகிறது.

தினமும் எப்படி நடத்துவது

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் என்னிடம் மிகுந்த கூச்சத்தோடு கேட்பது, நாங்கள் இதில் என்ன செய்ய முடியும் என்பதே. செய்ய முடிவது நிறைய இருக்கிறது. வெங்காயம் உரித்துக்கொண்டோ மீன் ஆய்ந்துகொண்டோ, பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும், அப்புறம் என்ன ஆச்சு, அவன் ஏன் அப்படிச் செய்தான், நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேளுங்கள். இக்கேள்விகளுக்குப் பள்ளிப் படிப்புத் தேவையில்லை. கதையில் ஆவல் இருந்தால் போதும். விடையைப் பிள்ளை தன் வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும். புத்தகத்தின் மொழியில் படித்துத் தன் மொழியில் திருப்பிச் சொல்லும்போதுதான் படித்தது உண்மையாகவே புரிந்ததா என்று தெரியும்.

படிக்கத் தெரிந்தவர்கள் செய்யும் தவறு வேறு: ஒவ்வொரு பிழைக்கும் குறுக்கிடுகிறார்கள். பிள்ளை ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருங்கள். பொருள் பிறழ்ந்திருந்தால் பல வேளை பிள்ளையே திரும்பிப் போய்த் திருத்திக்கொள்ளும். ழகரமும் ளகரமும் மயங்குவதை ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டிருந்தால் கதை செத்துப்போகும். பக்கம் முடிந்தபின் ஒன்றிரண்டு சொற்களை மட்டும் எடுத்து, நீங்கள் ஒரு முறை சொல்லிக் காட்டுங்கள். அண்ணனோ அக்காளோ இருந்தால் மாறி மாறிப் பத்திக்கு ஒருவராகப் படிக்கலாம். தம்பி தங்கைக்குப் படித்துக் காட்டும் பொறுப்பை ஏற்ற பிள்ளை, எளிய புத்தகத்தைக் கூச்சமில்லாமல் எடுப்பதற்கும் அதுவே ஒரு நல்ல காரணமாகிறது.

பாதியில் பிடிக்காமல் போன புத்தகத்தை மூடிவைக்க விடுங்கள். ஊருக்குப் போகும்போது துணிப்பையில் ஒரு புத்தகம் இருக்கட்டும். திருவிழாவும் கலியாணமும் வந்து நான்கு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் மீண்டும் தொடங்கினால் போதும்.

எழுதிக் காட்டுவது

நோட்டுப் புத்தகத்தில் ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கம் போதும். மேலே நாள், புத்தகத்தின் பெயர், எழுதியவர், வெளியிட்ட பதிப்பகம், பக்க எண்ணிக்கை. கீழே, கதையோ செய்தியோ எதைப் பற்றியது என்று மூன்று வாக்கியம். பிடித்த அல்லது பிடிக்காத ஓரிடமும் அதற்கான காரணமும். மனத்தில் எழுந்த ஒரு கேள்வி. இக்கேள்வியையே ஆசிரியர்கள் முதலில் பார்க்கிறார்கள், ஏனென்றால் புத்தகத்தைத் திறக்காத பிள்ளையால் அதை எழுத முடியாது.

பின்னட்டையில் இருப்பதையோ கைப்பேசி எழுதித் தருவதையோ நகலெடுக்க விடாதீர்கள். ஒரே வகுப்பின் இருபது நோட்டுகளில் ஒரே வாக்கியங்களைப் படித்திருக்கிறேன். அப்போது எனக்கு வந்த வருத்தம் பிள்ளைகள் மீது அன்று; தாமே எழுதினால் தவறாகிவிடும் என்று அவர்களை நம்பவைத்த பெரியவர்கள் மீதுதான். எழுத்துப் பிழையும் அடித்தலும் நிறைந்த ஒரு பக்கம், அது பிள்ளையின் சொந்தப் பக்கமாயின், அப்படியே இருக்கட்டும். எழுதவே திணறும் பிள்ளை வாயால் சொல்லச் சொல்ல நீங்களோ மூத்த பிள்ளையோ எழுதி, கீழே அதன் பெயரைக் குறித்து, இன்னாரின் கையால் எழுதப்பட்டது என்று நேர்மையாகச் சேர்த்துவிடலாம், ஆசிரியர் ஏற்றுக்கொள்வார்.

பள்ளி திறக்கும் வாரம்

பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பாக நோட்டுப் புத்தகத்தை எடுத்து, விடுபட்ட பக்கம் உண்டா என்று பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். ஒன்றிரண்டு குறைந்தால் இரவெல்லாம் உட்காரவைத்து நிரப்ப வேண்டாம், படித்தவரை ஒப்படைக்கட்டும். புதிய வகுப்பாசிரியர் விடுமுறை வாசிப்பைப் பற்றிக் கேட்காமலே விட்டுவிடுவதும் உண்டு. அப்போது பிள்ளை சோர்ந்துபோகாமல், நோட்டைத் தானே கொண்டுபோய்க் காட்டும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பள்ளியிலிருந்து கையெழுத்திட்டு எடுத்துவந்த புத்தகங்களை முதல் நாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அலமாரி திறப்பதும் திறக்காததும் அதைப் பொறுத்தது. கிளை நூலகத்துப் புத்தகங்களைத் தவணை முடியும் முன் கொண்டுபோகும்போது பிள்ளையையும் அழைத்துச்செல்லுங்கள். பள்ளி நாள்களில் நூலகம் மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதை அன்று பிள்ளையே நூலகரிடம் கேட்கட்டும்.